பதினோராம் மாதமும் பதினைந்தாம் மாதமும்

எங்கள் வீட்டு 43 இஞ்ச் டிவி, வாங்கிய பதினோராவது மாதத்தில் இருட்டாகிப் போனது. செய்தி வாசிக்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது, படத்தைக் காணோம். செல்போன் டார்ச்சைத் திரைக்கு ரொம்பப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால், உள்ளே மங்கலாகப் படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மெக்கானிக்குகளுக்குப் பழகிய சமாச்சாரம் இது: பேக்லைட் போய்விட்டது. திரைக்குப் பின்னால் பட்டை பட்டையாகச் சின்ன எல்இடி விளக்குகள் இருக்கும். சீரியல் செட் பல்பு மாதிரி ஒன்றோடொன்று தொடராக இணைத்திருப்பார்கள். அதில் ஒன்று அறுந்தால் போதும், அந்த வரிசையே அணைந்துவிடும்.

வாரண்டி ஒரு வருஷம். அதற்கு இன்னும் ஒரு மாதம் மிச்சம் இருந்தது. கம்பெனி எண்ணில் புகார் பதிந்த மூன்றாம் நாள், சேலத்திலிருந்து சர்வீஸ் தம்பி ஒருவர் ராசிபுரம் வந்தார். டிவியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை, அதற்குள் பையிலிருந்து புது எல்இடி பட்டையை எடுத்து வெளியே வைத்தார்.

"கழட்டிப் பாக்காமயே எப்படிங்க தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"இந்த மாடல்னு சொன்னாவே இதுதானுங்க சார். வாரத்துக்கு மூணு நாலு மாத்தறேன். வரும்போதே எடுத்துட்டு வந்துருவேன்" என்றார்.

முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. காசு வாங்கவில்லை. டீ குடித்துவிட்டுப் போனார். நல்ல சர்வீஸ் என்று நானும் ஐந்து நட்சத்திரம் போட்டேன்.

இதே டிவியை, அதே வாரம், அதே கடையில் திருச்செங்கோட்டில் இருக்கும் என் அக்காவும் வாங்கியிருந்தாள். வாங்கச் சொன்னவன் நான்தான். அவர்கள் டிவி பதினைந்தாவது மாதத்தில் போனது. அதே சத்தம், அதே இருட்டு. பேக்லைட் முழு செட், சர்வீஸ் சார்ஜ் எல்லாம் சேர்த்து எட்டாயிரத்துச் சொச்சம் பில். மச்சான் ஒன்றும் கோபப்படவில்லை. "உனக்கு ராசி இருக்குது மாப்ள, எங்களுக்கு இல்ல" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

அந்த 'ராசி'தான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. அது ராசி இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த சர்வீஸ் தம்பிக்கும் தெரியும். அவருக்குப் பட்டை அனுப்பும் கம்பெனிக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அக்காவுக்கு மட்டும் தெரியவில்லை.

ஒரு மூட்டையா, ஒரு லோடா?

வாரண்டிக்கும் ரீகாலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், நம்மில் பலரும் "ரெண்டுலயும் கம்பெனி சும்மா சரிபண்ணித் தரும்" என்றுதான் சொல்வோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எந்தப் பக்கத்திலிருந்து தகவல் போகிறது என்பதில்தான் வித்தியாசமே இருக்கிறது.

வாரண்டியில் நாம் கம்பெனியிடம் போகிறோம். என் பொருள் கெட்டுவிட்டது, இதோ பில், இதோ தேதி என்று சொல்கிறோம். குறை என் வீட்டுக் குறை. ரீகாலில் கம்பெனி நம்மிடம் வர வேண்டும். இந்த மாதம் முதல் இந்த மாதம் வரை செய்தவற்றில் இன்ன கோளாறு இருக்கிறது, உங்களுடையது இன்னும் கெடாவிட்டாலும் கொண்டு வாருங்கள் என்று அது சொல்ல வேண்டும். அங்கே குறை அந்த உற்பத்தியின் குறை.

நாமக்கல் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். கோழிப்பண்ணையில் ஒரு மூட்டைத் தீவனம் பூஞ்சை பிடித்திருந்தால், பண்ணைக்காரர் அந்த ஒரு மூட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக மாட்டார். "இந்த லோடு எங்க இருந்து வந்துச்சு? வேற யாருக்கெல்லாம் இறக்கினீங்க?" என்றுதான் முதலில் கேட்பார். எலெக்ட்ரானிக்ஸ் சாமான் வாங்கும்போது மட்டும் இந்த லோடு கேள்வியை நாம் கேட்பதே இல்லை. மூட்டையை மாற்றிக் கொடுத்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். ஐந்து நட்சத்திரம் வேறு.

நோக்கியா பேட்டரி நாட்கள்

இந்தியாவில் லோடு கேள்வி ஒருமுறை பட்டிதொட்டி வரை கேட்கப்பட்டது. ஆகஸ்ட் 2007. அப்போது யார் சட்டைப் பையில் பார்த்தாலும் நோக்கியாதான். அதன் பிஎல்-5சி பேட்டரிகளில், ஜப்பானின் மட்சுஷிட்டா 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை தயாரித்தவை சார்ஜ் ஏறும்போது சூடேறலாம் என்று நோக்கியா அறிவித்தது. மொத்தம் 4.6 கோடி பேட்டரிகள். உலகம் முழுக்க அதுவரை தெரியவந்த சம்பவங்கள் சுமார் 100. பெரிய காயம் எதுவும் இல்லை என்றும் சொன்னது.

அந்த நாட்கள் நினைவிருக்கிறவர்களுக்குத் தெரியும். செல்போன் கடை வாசலில் கூட்டம். பின்மூடியைக் கழற்றி, பேட்டரியில் பொடி எழுத்தில் இருக்கும் 26 இலக்க எண்ணை ஒருவர் வாசிக்க இன்னொருவர் எழுதுவார். போன் வெடிக்கும் என்ற வதந்தி ஒரு பக்கம், அதைச் சாக்காக வைத்து மட்டமான பேட்டரி விற்றவர்கள் ஒரு பக்கம். குழப்பம்தான். ஆனாலும் அந்தக் குழப்பத்துக்குள் சரியான காரியம் ஒன்று நடந்தது. ஏதும் கெடாத பேட்டரி வைத்திருந்தவரும் தன் பேட்டரி எந்த லோடு என்று பார்த்துக்கொள்ள முடிந்தது. வாங்கிய தேதியை யாரும் கேட்கவில்லை, பேட்டரி எண்ணை மட்டும் கேட்டார்கள்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவ்வளவு செய்த நோக்கியாவும் அதை 'ரீகால்' என்று சொல்லவில்லை. தயாரிப்பு குறித்த அறிவுரை என்கிற பொருளில்தான் பெயர் வைத்தது. என் விமர்சனம் இந்தப் பெயர் வைக்கும் சாமர்த்தியத்தைப் பற்றியது.

பெயரில் இருக்கிறது சங்கதி

ஒரே கம்பெனி இரண்டு கோளாறுகளுக்கு இரண்டு பெயர் வைத்ததைப் பார்த்தால் இது விளங்கும். 2015 செப்டம்பருக்கும் 2017 பிப்ரவரிக்கும் இடையே பெரும்பாலும் விற்ற 15 இஞ்ச் மேக்புக் ப்ரோக்களின் பேட்டரி சூடாகித் தீப்பிடிக்கும் அபாயம் இருப்பதாக ஆப்பிள் 2019 ஜூனில் சொன்னது. அதற்கு ரீகால் என்றே பெயர். ஆனால் 2015-ல் அறிமுகமான 'பட்டர்ஃபிளை' விசைப்பலகை, ஒரு தூசி போனாலே எழுத்து ஒட்டிக்கொள்கிறது, இரட்டையாக விழுகிறது என்று ஊரே புலம்பிய பிறகு, 2018-ல் அதற்கு வந்தது 'சர்வீஸ் திட்டம்'. வாங்கிய நான்கு வருஷத்துக்குள் எழுத்து ஒட்டினால் கொண்டு வாருங்கள், பார்க்கிறோம் என்பது அதன் சாரம். ஒட்டாதவரை உங்கள் லேப்டாப் நல்ல லேப்டாப்.

நம் பக்கத்துக் கதை ஒன்று. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் அவர் மகளும் இறந்தார்கள். அதே மாதம் நாட்டின் வேறு இடங்களிலும் ஸ்கூட்டர்கள் எரிந்தன. ஏப்ரலில் ஒகினாவா 3,215 வண்டிகளையும், ப்யூர் இவி 2,000 வண்டிகளையும், ஓலா 1,441 வண்டிகளையும் திரும்ப அழைத்தன. அதாவது ரீகால். சேலத்திலிருந்து அதிக தூரம் இல்லாத போச்சம்பள்ளியில் இருக்கிறது ஓலாவின் தொழிற்சாலை. அடுத்த வருஷம், 2023 மார்ச்சில், அதே ஓலா ஸ்கூட்டரின் முன் ஃபோர்க் உடைகிறது என்ற பேச்சு எழுந்தது. தங்கள் ஃபோர்க் பாதுகாப்பானதுதான், இருந்தாலும் வாடிக்கையாளர்கள் விரும்பினால் புது வடிவ ஃபோர்க்கை இலவசமாக மாட்டித் தருகிறோம் என்று கம்பெனி சொன்னது. இந்த முறை பெயர் 'அப்கிரேட்'. நம் காதில் அப்கிரேட் என்றால் ஏதோ பரிசு கிடைத்த மாதிரி கேட்கிறது.

செல்போனில் வரும் பச்சைக் கோடு இன்னொரு உதாரணம். சாஃப்ட்வேர் அப்டேட் போட்ட மறுநாள் திரையில் மேலிருந்து கீழ்வரை பச்சைக் கோடு விழுந்தது என்று எத்தனையோ பேர் எழுதினார்கள். பலருக்கு வாரண்டி முடிந்திருந்தது. 2023 ஆகஸ்டில் ஒன்பிளஸ், தன் 8, 9 வரிசைகளில் சில மாடல்களுக்கு இந்தியாவில் 'ஆயுள்கால ஸ்கிரீன் வாரண்டி' என்று அறிவித்தது. நல்லதுதான். பணம் மிச்சமான ஒருவரிடம் போய் இதைக் குறை சொன்னால் அடிக்க வருவார். ஆனால் 'ஆயுள்கால வாரண்டி' என்ற சொல், ஒரு கோளாறை ஒரு சலுகையாக மாற்றிவிடுகிறது. கோடு விழுந்தபின் நாம்தான் போய்க் கேட்க வேண்டும். எந்த லோடு திரையில் என்ன பிரச்சினை என்ற தகவல் அதில் இல்லை. 2024 ஏப்ரலில் தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களின் செல்போன் கடைக்காரர்கள் சங்கம், மே 1 முதல் அந்த பிராண்டை விற்க மாட்டோம் என்று கடிதம் எழுதியபோது, லாபக் குறைவோடு சேர்த்துச் சொன்ன காரணங்களில் ஒன்று தீராத வாரண்டி புகார்கள். கம்பெனியின் முகமாகத் திட்டு வாங்குவது அந்தக் கடைக்காரர்தானே.

சட்டம் என்ன சொல்கிறது

2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு நம் நாட்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் என்று ஒன்று 2020 ஜூலை முதல் இருக்கிறது. சட்டத்தின் 20-வது பிரிவின்படி பொருளைத் திரும்பப் பெறச் சொல்லி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி இது உத்தரவிடலாம். காகிதத்தோடு நிற்கவில்லை. 2022 ஆகஸ்டில், தரக் கட்டுப்பாட்டு விதிக்குப் புறம்பாக அமேசான் தளத்தில் விற்ற 2,265 பிரஷர் குக்கர்களை வாங்கிய எல்லோருக்கும் தகவல் சொல்லி, திரும்பப் பெற்று, பணத்தைத் தரச் சொன்னது. ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் போட்டது. ஒரு குக்கரும் வெடிக்கும்வரை காத்திருக்கவில்லை.

ஆனால் 20-வது பிரிவு எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறது? ஆபத்தானது, தீங்கானது, பாதுகாப்பற்றது. இந்த மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். அதே சட்டம் 'குறைபாடு' என்பதை விளக்கும்போது மட்டும் மனது விசாலமாகிவிடுகிறது: தரம், அளவு, வீரியம், தூய்மை என்று எதில் குறை இருந்தாலும் குறைபாடுதான். தனி ஆளாக வழக்குப் போட்டால் அகலமான கதவு, எல்லோருக்குமான ரீகால் என்றால் குறுகலான கதவு. தீப்பிடித்தால் ரீகால் வரும். பதினைந்தாம் மாதத்தில் அமைதியாக இருட்டாகிப் போகிற டிவிக்கு வராது. மேக்புக் கதையில் பேட்டரிக்கும் விசைப்பலகைக்கும் நடுவே இருந்த அதே கோடுதான் இது. பொட்டலத் தின்பண்டத்துக்கு 2017-லிருந்து தனி ரீகால் விதிமுறைகள் உண்டு. கார், ஸ்கூட்டருக்கு 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் தனிப் பிரிவு உண்டு. வாழ்நாளில் நாம் பல ஆயிரங்கள் கொட்டி வாங்கும் டிவி, ஃப்ரிட்ஜ், செல்போனுக்கு, ஆபத்தில்லாத கூட்டுக் குறையைப் பற்றிச் சொல்ல அப்படி ஒன்றைக் காணோம்.

சரி, அகலமான கதவு வழியாகவே போகலாமே என்று அக்காவிடம் சொன்னேன். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் நாமக்கல்லில் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் மனுப் போடலாம். எல்லாம் கேட்க நன்றாக இருந்தது. ஆனால் வாரண்டி முடிந்த பொருளில் இருப்பது உற்பத்திக் குறை என்று அக்கா நிரூபிக்க வேண்டும். சோதிக்காமல் முடிவுசெய்ய முடியாத குறை என்றால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம், அதற்கான கட்டணத்தைப் புகார்தாரரைக் கட்டச் சொல்லலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. "எட்டாயிரத்துக்காக நாமக்கல்லுக்கு எத்தன தடவ தம்பி நடக்கறது? அவரு ரிக் வண்டியோட மாசக்கணக்கா வெளியூர்ல கெடக்கறாரு" என்றாள் அக்கா. என்னிடம் பதில் இல்லை.

நினைத்துப் பாருங்கள். அந்த நிரூபணம் ஏற்கெனவே ஒரு இடத்தில் தயாராக இருக்கிறது. எந்த மாடலுக்கு எத்தனை பட்டை அனுப்பினோம் என்று கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. சர்வீஸ் தம்பியின் பையிலேயே இருக்கிறது. இல்லாமல் போவது நம் கையில் மட்டும்தான். ஒவ்வொரு ஜாப் ஷீட்டும் ஒரு வீட்டோடு முடிந்துவிடுகிறது. ஆயிரம் ஜாப் ஷீட்டைக் கூட்டிப் பார்க்கும் உரிமை கம்பெனிக்கு மட்டும் இருக்கிறது.

கூட்டிப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்கு ஓலா பற்றி வந்த புகார்கள் 10,644. அந்த எண்ணை வைத்துத்தான் ஆணையம் 2024 அக்டோபரில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. 99.1 சதவீதம் தீர்த்துவிட்டோம் என்று கம்பெனி பதில் சொன்னது. ஒவ்வொன்றாகத் தீர்ப்பது வாரண்டிக் கணக்கு. பத்தாயிரம் பேர் ஏன் வரிசையில் நிற்க நேர்ந்தது என்று கேட்பது ரீகால் கணக்கு. இரண்டு தரப்பும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தன.

மறுபக்கம்

கம்பெனி தரப்பிலும் நியாயம் இருக்கிறது. லட்சக்கணக்கில் செய்யும் எந்தப் பொருளிலும் கொஞ்சம் கெடத்தான் செய்யும். ஒவ்வொன்றுக்கும் ரீகால் என்றால் கம்பெனி நடத்த முடியாது. 2016-ல் சாம்சங் நோட் 7 தீப்பிடித்தபோது, முதலில் சுமார் 25 லட்சம் போன்களைத் திரும்ப அழைத்தார்கள். மாற்றிக் கொடுத்தவையும் எரியவே, அந்த மாடலையே நிறுத்தினார்கள். அத்தனையும் மின்குப்பை. பட்டையை மாற்றினால் ஓடப்போகிற டிவியை அப்படித் தூக்கிப் போடச் சொல்வது முட்டாள்தனம்.

நானும் அதைக் கேட்கவில்லை. ரீகால் என்றால் பொருளை அள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று இல்லை. லாரிக்கோ காருக்கோ வரும் ரீகாலில் பெரும்பாலும் ஒரு பாகத்தை மாற்றி வண்டியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். வேலை ரிப்பேர்தான், தகவல் ரீகாலுடையது. இதைத்தான் எலெக்ட்ரானிக்ஸுக்கும் கேட்கிறேன்.

முன்னுதாரணமும் இருக்கிறது. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட், தன் எக்ஸ்பாக்ஸ் 360 கருவியில் மூன்று சிவப்பு விளக்கு எரிந்து செத்துப்போகும் கோளாறுக்கு வாரண்டியை மூன்று வருஷமாக நீட்டித்தது. நூறு கோடி டாலருக்கு மேல் செலவு. ரீகால் என்று சொல்லவில்லைதான், ஆனால் இரண்டு காரியம் செய்தது. கோளாறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அதற்கு முன்பே கைக்காசு போட்டு ரிப்பேர் செய்தவர்களுக்கு அந்தப் பணத்தைத் திருப்பித் தந்தது. மேக்புக் விசைப்பலகைத் திட்டத்திலும் ஏற்கெனவே காசு கட்டியவர்கள் திருப்பிக் கேட்க வழி இருந்தது.

ஆகவே கேட்பது மூன்றுதான். ஒரே மாடலில் ஒரே பாகம் திரும்பத் திரும்பப் போகிறது என்று கம்பெனிக்குத் தெரிந்தால், எந்த சீரியல் எண் முதல் எது வரை என்று வெளியே சொல்ல வேண்டும். அந்தக் குறைக்கு மட்டுமாவது, வாங்கிய தேதியை விட்டுவிட்டு சீரியல் எண்ணைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே பணம் கட்டியவருக்கு அதைத் திருப்பித் தர வேண்டும். இதைக் கம்பெனிகள் தாமாகச் செய்யப் போவதில்லை. 20-வது பிரிவுக்குப் பக்கத்தில் இதற்கும் ஒரு இடம் வேண்டும்.

அதுவரை நம்மால் ஆனது கொஞ்சம் இருக்கிறது. இலவசமாகச் சரிசெய்து கொடுத்தாலும் ஜாப் ஷீட்டை வாங்கி வையுங்கள். எந்தப் பாகம் மாற்றினார்கள் என்று அதில் எழுதச் சொல்லுங்கள். 'சரிசெய்யப்பட்டது' என்று மட்டும் எழுதினால் பயன் இல்லை. காசு செலவாகவில்லை என்றாலும் 1915-க்குக் கூப்பிட்டு மாடலையும் குறையையும் பதிந்துவிடுங்கள். உங்களுக்குப் பிரச்சினை தீர்ந்துவிட்டது, பதினைந்தாம் மாதத்தில் இருப்பவருக்குத் தீரவில்லை. ஒரே குறை உள்ள பலர் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து ஒரே புகாராகக் கொடுக்கவும் சட்டத்தில் வழி உண்டு. அதற்கு முதலில் ஒருவரை ஒருவர் தெரிந்திருக்க வேண்டும்.

நான் அதைச் செய்யவில்லை. என் டிவி சரியான அன்று அக்காவுக்கு ஒரு போன் போட்டு, "உங்க டிவியும் இதே மாடல், வாரண்டி முடியறதுக்குள்ள ஒரு புகார் எழுதி வெச்சுருங்க" என்று சொல்லியிருக்கலாம். சர்வீஸ் தம்பி அவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் எனக்குத் தோன்றவில்லை. என் வீட்டுக் குறை தீர்ந்தது என்று டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டேன். கம்பெனி சொல்லாததை விமர்சிக்கிறவன் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

போன வாரம் 1915-க்கு அழைத்து இரண்டு டிவியின் சீரியல் எண்ணையும் சேர்த்தே பதிந்தேன். எடுத்த பெண், "உங்க டிவிதான் சரியாயிடுச்சே சார், அப்புறம் எதுக்கு அது?" என்று கேட்டார். இரண்டும் ஒரே லோடும்மா என்றேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு இரண்டையும் எழுதிக்கொண்டார்.